புழுவை அறிந்தவர்கள்

மாரிகால இரவுகளில் விளக்கை நாடி வந்து மோதும் அந்துப்பூச்சியை நாம் எல்லோரும் அறிவோம். முருங்கை மரத்தில் கொத்தாகக் குடியிருந்து, தீண்டியவரைத் துடிக்க வைக்கும் மயிர்க்கொட்டியையும் அறிவோம். மயிர்க்கொட்டியே பின்னர் சிறகு முளைத்து அந்துப்பூச்சியாகிறது என்று பாடப் புத்தகத்திற் படித்தவர் நம்மிடையே பலர். ஆனால், முட்டை வெடித்த நாள் முதற் சிறகு விரிந்த நாள் வரை ஓர் உயிரை நாள்தோறும் பார்த்திருந்து, அது இன்னதென்று அறிந்தவர் மிகச் சிலரே. அந்தச் சிலர் யாவர்? அவர்கள் தேடித் தந்த அறிவு யாருடைய பெயரால் வழங்கி வந்திருக்கிறது? பூச்சியின் கதையோடு பின்னிக் கிடக்கும் இந்த மனிதக் கதையையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

அந்துப்பூச்சி ஒன்றின் இனத்தை ஐயமற அறிவது எளிதான காரியமன்று. முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என்ற நான்கு பருவங்களும் ஒன்றுக்கொன்று உருவத்தாற் சிறிதும் தொடர்பற்றவை. குடம்பியோ, வளர வளரப் பல தடவை தோலுரிக்கிறது. தோலுரிக்குந்தோறும் அதன் நிறமும் கோலமும் மாறக்கூடும். நேற்றுப் பார்த்த புழுவையும் இன்று பார்க்கும் புழுவையும் இரு வேறு இனங்கள் என்று கருதிவிடுவோரும் உண்டு. நிறையுடலியிலும் ஆணும் பெண்ணும் வேறுபடுவதுண்டு. சிறு குச்சிகளையும் இலைத் துணுக்குகளையும் பட்டுநூலாற் பிணைத்துப் பையொன்றை அமைத்து, அதனுள்ளே வாழும் புழுவினம் ஒன்று நம் தோட்டங்களிற் காணப்படுகிறது. அதன் ஆண், சிறகு பெற்றுப் பறந்து செல்லும்; பெண்ணோ பெரும்பாலும் சிறகின்றி அந்தப் பைக்குள்ளேயே வாழ்ந்து, அங்கேயே முட்டையிட்டு மடியும். சிறகுள்ளதை மட்டும் ஊசியிற் குத்தி வைத்துப் பெயரிடுபவர், அந்த இனத்தின் பாதியைக் கண்டவராகார்.

ஆகவே, புழுவையும் பூச்சியையும் இணைத்துக் காண்பதற்கு ஒரே வழிதான் நெடுங்காலம் இருந்தது. புழுவைப் பிடித்து வளர்க்க வேண்டும். அது தின்னும் இலை எதுவென்று கண்டறிந்து, நாள்தோறும் புதிய இலையிட வேண்டும். எச்சத்தைத் துப்புரவு செய்து, எறும்பு அணுகாமற் காத்து, கூட்டுப்புழு ஆனபின் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ காத்திருக்க வேண்டும். இது நூலகத்திலிருந்து செய்யும் வேலையன்று. கையாற் செய்யும் வேலை. பொறுமையாற் செய்யும் வேலை. எனவேதான், வரலாற்றில் இவ்வேலையைச் செய்தோர் பெரும்பாலும் கைகளால் உழைத்தவர்களாகவே இருந்திருக்கின்றனர்.

சீன நாட்டில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டுப்புழு வளர்க்கப்பட்டு வந்திருக்கிறது. அத்தொழிலின் பெரும் பகுதி பெண்களின் கைகளிலேயே இருந்தது. முட்டையைப் பேணி, புழுவுக்கு முசுக்கட்டை இலையை நறுக்கியிட்டு, கூட்டை நீரில் இட்டு நூல் பிரித்து, அடுத்த தலைமுறைக்கெனச் சில கூடுகளைப் பூச்சியாக வெளிவர விட்டுவைத்த அப்பெண்கள், நான்கு பருவங்களையும் தம் கைரேகையைப் போல் அறிந்திருந்தனர். மேற்கிலோ, கிரேக்கப் பேரறிஞன் அரிஸ்டோட்டில், புழு பூச்சியாவதைச் சரியாகவே எழுதிவைத்தும், அப்புழு கோவா போன்ற செடிகளின் இலையிலிருந்தே தோன்றுவதாகக் கருதினான். அவனுடைய வாக்கைச் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் ஐரோப்பியப் பண்டிதர் உலகம் போற்றி வந்தது. இறைச்சியை மூடி வைத்தால் அதிற் புழு உண்டாவதில்லை என்பதை 1668 ஆம் ஆண்டில் இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி சோதனை வாயிலாகக் காட்டிய பின்னரே அந்த நம்பிக்கை ஆட்டங்காணத் தொடங்கியது.

நம்மவரிடையேயும் ஒரு நம்பிக்கை இருந்தது. குளவி, புழுவைத் தன் மண்கூட்டில் வைத்துக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்கிவிடும் என்பர். குருவின் அருளாற் சீடன் குருவாகவே ஆவதற்கு இதனை உவமையாகக் காட்டுவது நம் சமய இலக்கியத்தில் நெடுநாளைய மரபு. உவமை அழகானது, ஆனால் உண்மை வேறு. குளவி கொட்டுவது புழுவை அசையாமற் செய்வதற்கு. அதன்மேலோ அருகிலோ தன் முட்டையை இட்டுக் கூட்டை மூடிவிட்டு அது போய்விடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குளவிக் குஞ்சுக்கு அந்தப் புழுவே உணவு. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி என்ற இரு காட்சிகளை மட்டும் பார்த்தவன், இடையில் நிகழ்ந்ததைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டான்.

இதே மயக்கம் ஐரோப்பாவிலும் நேர்ந்தது. ஒல்லாந்து நாட்டு மிட்டெல்பேர்க் நகரின் ஓவியரான யோகன்னஸ் கூடார்ட் என்பவர், 1660 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் நூலில், தாம் வளர்த்த புழுக்களின் உருமாற்றங்களை வரைந்து காட்டினார். ஒரே வகைப் புழுவிலிருந்து ஒரு சமயம் பூச்சியும் மற்றொரு சமயம் சிறு குளவிகளும் வெளிவரக் கண்ட அவர், ஓர் உயிரே இருவகையாகப் பிறக்கும் என்று எண்ணினார். புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடும் சிறு குளவிகளும் ஈக்களும் உண்டு என்பதை அறிஞர் உலகம் தெளிவாக உணர மேலும் பல ஆண்டுகள் சென்றன. முழுப் பருவங்களையும் தொடர்ந்து காணாதவரையில், கண்ணாற் கண்டதும் பொய்யாகும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இச்சூழலிலேதான் மரியா சிபில்லா மேரியன் என்ற பெண்மணி தோன்றுகிறார். 1647 ஆம் ஆண்டு பிராங்பேர்ட் நகரில், செதுக்கோவியத் தொழில் செய்த குடும்பமொன்றிற் பிறந்த அவர், தமது பதின்மூன்றாம் வயதிலேயே பட்டுப்புழுவை வளர்த்து அவதானிக்கத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தின் கதவுகள் பெண்களுக்குத் திறவாத காலம் அது. அவருடைய ஆய்வுகூடம் அடுப்பங்கரையும் தோட்டமுமே. பட்டுப்புழுவிலிருந்து பிற புழுக்களுக்குச் சென்ற அவர், 1679 ஆம் ஆண்டிற் புழுக்களைப் பற்றிய முதல் நூலையும், 1683 இல் அதன் இரண்டாம் பகுதியையும் வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 50 ஓவியங்கள். அறிஞர் மொழியாகிய இலத்தீனை விடுத்து ஜெர்மன் மொழியிலே அவர் எழுதினார் என்பது கவனிக்கத் தக்கது.

அவர் செய்த புதுமை யாது? ஒரே தாளில் ஒரு செடியை வரைந்தார். அச்செடியின் இலையிலேயே முட்டையையும் புழுவையும் கூட்டுப்புழுவையும் சிறகுடைய பூச்சியையும் வரைந்தார். ஓர் இனத்தின் வாழ்க்கை முழுவதும், அது உண்ணும் உணவோடு சேர்ந்து, ஒரே பார்வையில் அகப்பட்டது. பூச்சியைத் தனிப் பொருளாக எண்ணிய காலத்தில், சூழலோடு சேர்த்து நோக்காத எதையும் உள்ளவாறு அறிய முடியாது என்பதை அவருடைய தூரிகை சொல்லிற்று.

1699 ஆம் ஆண்டு, ஐம்பத்திரண்டாவது வயதில், தம் இளைய மகள் டொரொத்தேயா மரியாவை உடன் அழைத்துக்கொண்டு, தென் அமெரிக்காவில் ஒல்லாந்தரின் குடியேற்ற நாடாக இருந்த சுரினாமுக்குக் கப்பலேறினார் மேரியன். அங்கிருந்த தோட்டத் துரைமார் கரும்பைத் தவிர வேறெதையும் தேடாதவர்கள். புழுவைத் தேடி வந்த இப்பெண்ணை அவர்கள் எள்ளி நகையாடினர். நோய்வாய்ப்பட்டு 1701 இல் திரும்பிய அவர், 1705 ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் நகரிற் சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய பெருநூலை 60 ஓவியங்களுடன் வெளியிட்டார்.

அந்நூலுக்குப் பின்னால் நின்றவர் யாவர்? காட்டில் அவர் நடப்பதற்குக் கோடரியால் வழி வெட்டிக் கொடுத்தவர்கள் அடிமைகள். புழுக்களைக் கொணர்ந்து கொடுத்தும், செடிகளின் பயனைச் சொல்லியும் உதவியவர்கள் அடிமைப்பட்ட ஆபிரிக்கரும் அந்நாட்டுப் பழங்குடி மக்களும். மேரியனே இதனை ஆங்காங்கே குறிப்பிடுகிறார். திரும்பும்போது பழங்குடிப் பெண்ணொருத்தியைத் தம்முடன் அழைத்தும் வந்தார். ஆனால், எந்த ஒருவருடைய பெயரையும் அவர் எழுதவில்லை. அடிமை முறையின் பயனைத் துய்த்தவர்களுள் அவரும் ஒருவரே என்பதை அவர்பால் நாம் கொண்ட மதிப்பினால் மறைத்துவிடலாகாது.

ஆயினும், அந்நூலின் 45 ஆவது ஓவியத்தின் முன் நாம் சற்று நிற்க வேண்டும். அதில் வரையப்பட்ட செடி நம் வீட்டு முற்றங்களிற் செம்மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கும் மயிற்கொன்றை. அதன்மேற் பருத்த பச்சைப் புழுவும், நீண்ட உறிஞ்சுகுழலையுடைய அந்துப்பூச்சியும் காட்டப்பட்டுள்ளன. பூச்சியைப் பற்றி எழுதிய கையோடு மேரியன் இன்னொன்றையும் எழுதினார்: எசமானராற் கொடுமைப்படுத்தப்பட்ட பெண்கள், தம் பிள்ளைகளும் அடிமைகளாகப் பிறக்கலாகாது என்று இச்செடியின் விதையை உண்டு கருவைக் கலைத்தனர்; அதனை அவர்களே தம்மிடம் கூறினர் என்று. புழுவைத் தேடிச் சென்ற கண், புழுவைக் கொணர்ந்து தந்த பெண்ணின் துயரையும் ஒரு கணம் கண்டது. அறிவியல் நூலொன்றின் நடுவே வந்து விழுந்த இந்தச் சில வரிகள், அடிமை முறையைச் சாடும் எத்தனையோ பக்கங்களுக்கு ஈடானவை.

மேரியனின் ஓவியங்கள் சிலவற்றிற் புழுவும் பூச்சியும் மாறி இணைந்துள்ளன என்பதைப் பிற்கால ஆய்வாளர் கண்டுள்ளனர். ஈராண்டு முற்றுப்பெறாத காலத்தில், காய்ச்சலோடு போராடியவாறு செய்த வேலையில் இது வியப்பன்று. எனினும், 1758 இல் உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை விலங்குலகம் முழுமைக்கும் வகுத்த லின்னேயஸ், மேரியனின் ஓவியங்களைப் பலகால் ஆதாரமாகக் கொண்டார். அந்த முறையில், ஓர் இனத்தின் பெயருக்குப் பின்னால் அதனை முதலில் விவரித்துப் பெயரிட்டவரின் பெயர் நிற்கும். வளர்த்தவர், வரைந்தவர், காட்டிலிருந்து எடுத்து வந்தவர் ஆகியோருக்கு அங்கு இடமில்லை. அடுத்த நூற்றாண்டில் ஏகாதிபத்திய நாடுகளின் நூதனசாலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் பூச்சிகள் சென்று குவிந்தபோது, இவ்வழக்கத்தின் முழுப் பொருளும் வெளிப்பட்டது. அதனைக் காண நாம் தொலைவுக்குச் செல்ல வேண்டியதில்லை. பேராதனைக்குச் சென்றாற் போதும்.

பேராதனைத் தாவரவியற் பூங்காவில் ஹர்மானிஸ் டி அல்விஸ் என்ற சிங்கள ஓவியர் 30 ஆண்டுகளுக்கு மேலாகச் செடிகொடிகளை வரைந்து வந்தார். அவருடைய மைந்தர்களாகிய வில்லியம், ஜோர்ஜ் ஆகிய இருவரும் அக்கலையில் வல்லவர்களாயினர். 1849 முதல் மூன்று தசாப்தங்கள் அப்பூங்காவுக்குத் தலைமை வகித்த துவெயிற்ஸ் என்ற ஆங்கில அறிஞர், இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் அவற்றின் குடம்பிப் பருவத்தோடும் கூட்டுப்புழுப் பருவத்தோடும் வரைந்து தருமாறு இச்சகோதரர்களைப் பணித்தார். அவ்வோவியங்களைக் கொண்டு, 1880 முதல் 1887 வரை, இலங்கை அரசாங்கத்தின் ஆதரவுடன் மூன்று தொகுதிகள் இலண்டனில் வெளியாயின. அவற்றிலுள்ள வண்ணத் தகடுகள் 215. நூலாசிரியர் பிரெடெரிக் மூர். இலண்டன் நூதனசாலையொன்றிற் பணியாற்றியவர்.

இங்கே நுட்பமான ஓர் உண்மையை நோக்க வேண்டும். அந்துப்பூச்சியின் சிறகிலுள்ள நிறம், செதில்களில் உறைந்து நிற்பது. பூச்சி இறந்து உலர்ந்தபின்னும் நூறாண்டுகள் நிலைத்திருக்கக் கூடியது. ஆகவே, அது பெட்டியில் ஏறி இலண்டன் செல்லும். புழுவின் நிறமோ அதன் உயிரோடு போய்விடுவது. இறந்த புழு கறுத்துச் சுருங்கும். சாராயத்தில் இட்டாலோ வெளிறிப் போகும். புழுவை உள்ளவாறு வரைய வேண்டுமாயின், அது உயிரோடு இலையைத் தின்னும் இடத்தில் ஓவியன் இருக்க வேண்டும். மூருக்கு இலண்டனிற் கிட்டாததும், டி அல்விஸ் சகோதரர்க்குப் பேராதனையிற் கிட்டியதும் இதுவே. அந்த நூலிலுள்ள சிறகுகள் இலண்டனிலும் இருந்தன. அந்த நூலிலுள்ள புழுக்கள் இந்த மண்ணில் மட்டுமே இருந்தன.

நம் நாட்டிலும் தென்னிந்தியாவிலும் காணப்படும் மிகப் பெரிய அந்துப்பூச்சி ஒன்றுக்கு, இலங்கையின் பழம்பெயராகிய தப்ரபேன் என்பதைத் தழுவி, 'அற்றாக்கஸ் தப்ரபானிஸ்' என்று பெயரிட்டவர் மூரே. வெண்பொடி பூத்த பருத்த புழுவாக இருந்து இலையை அரைத்துத் தள்ளும் அது, சிறகு பெற்றபின் உண்பதற்கு வாயின்றிச் சில நாட்களே வாழ்ந்து மடியும். உண்டு வளர்ந்த காலம் முழுவதும் புழுவாக இருந்த காலமே. ஆயினும், பெயரும் புகழும் சிறகுக்கே உரியனவாயின. அப்பெயரின் பின்னால் இன்றும் மூரின் பெயர் நிற்கிறது. ஹர்மானிஸின் நினைவாகச் சிறியதோர் ஓக்கிட்டுச் செடிக்குப் பெயரிடப்பட்டதுண்டு. ஆனால் புழுக்களை வரைந்த மைந்தர் இருவரையும் நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? மூர் செய்த பணியைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. ஒப்புநோக்கி வகைப்படுத்துவதும் உழைப்பே. ஒருவர் உழைப்புக்கு வாடாத பெயரும் மற்றவர் உழைப்புக்கு நன்றியுரையும் என்று பங்கிட்ட ஒழுங்கு எது என்பதே நம் வினா.

மூரின் நூல் வெளிவந்த அதே ஆண்டுகளில், மலைநாட்டில் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1869 இல் தலைகாட்டிய இலைநோயாற் கோப்பி அழிய, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிச் செடியிலிருந்த சிறு அந்துப்பூச்சி ஒன்று தேயிலைக்கும் குடிபெயர்ந்தது. 1861 இல் இலங்கைக் கோப்பியின் பகைவர்களைப் பற்றி நூல் எழுதிய நீட்னர் என்ற ஜெர்மானியத் தோட்டக்காரர் அதனை விவரித்திருந்தார். கோப்பியின் பெயரைச் சுமந்தபடியே அது தேயிலையின் பெரும் பகையாயிற்று.

இப்பூச்சியை ஒழிப்பதற்கு அதன் பருவங்களை அறிய வேண்டியிருந்தது. புழுவோ, இலைகளைப் பட்டுநூலாற் பிணைத்து அவற்றினுள்ளே ஒளிந்துகொள்ளும். கூட்டுப்புழுவும் அங்கேதான் இருக்கும். பூச்சி இரவிற் பறக்கும். கைக்கு அகப்படுவது முட்டைப் பருவமே. முதிர்ந்த இலையின் மேற்புறத்தில், மீன் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாற்போல், மெல்லிய தட்டையான திரளாக முட்டைகள் ஒட்டியிருக்கும். ஆயிரக்கணக்கான இலைகளுக்கு நடுவே அதைக் கண்டுபிடித்துக் கிள்ளி எடுக்கும் வேலை யாருக்கு வந்தது? தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்டு லயன்களில் அடைக்கப்பட்ட தொழிலாளர்க்கே வந்தது. குடம்பி என்றோ நிறையுடலி என்றோ அவர்கள் படித்திருக்கவில்லை. ஆனால் எந்த முட்டை எந்தப் புழுவாகும் என்பதை அவர்களுடைய விரல்கள் அறிந்திருந்தன. அவ்விரல்களுக்கு உரிய மக்களுட் பெரும்பாலோரை 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கிற்று; எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் வந்தது.

1935, 1936 ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவிலிருந்து சிறு குளவியொன்று தேயிலைத் தோட்டங்களுக்குக் கொணரப்பட்டது. கூடார்ட்டை மயக்கிய அதே வகைக் குளவி. புழுவின் உடலுள் முட்டையிட்டு அதனை அழிப்பது. அது மலைநாடெங்கும் பரவிப் பூச்சியை அடக்கியது. ஆனால், 1960 ஆம் ஆண்டுகளை ஒட்டிய காலத்தில், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்கென 'டீல்டிரின்' என்ற நஞ்சு தெளிக்கப்பட்டது. குளவி மடிந்தது, அடங்கியிருந்த அந்துப்பூச்சி மீண்டும் பெருகிற்று. வண்டை மட்டும் நோக்கிய கண்ணுக்கு, அருகிலிருந்த புழுவும் அதனுள்ளிருந்த குளவியும் தெரியவில்லை. ஒன்றைத் தனியே பிரித்துப் பார்ப்பதன் விலை இது.

இந்த ஒழுங்கு மாற்ற முடியாததா? மாற்றலாம் என்பதற்கு மத்திய அமெரிக்க நாடாகிய கொஸ்ராரிக்காவிற் சான்று உண்டு. அங்குள்ள குவானாகஸ்தே காட்டில் 1978 முதல் டானியல் ஜான்சன் என்ற அறிஞரும், பின்னர் அவரோடு இணைந்த வின்னி ஹால்வாக்ஸ் என்ற அறிஞரும் காட்டுப் புழுக்களை வளர்க்கும் பெருமுயற்சியில் ஈடுபட்டனர். சுற்றுப்புறக் கிராமத்து ஆண்களும் பெண்களும் அதற்கெனப் பயிற்சி பெற்று, ஊதியத்துடன் புழுக்களைத் தேடி வளர்த்துப் பதிவு செய்தனர். ஒரே இனமென்று இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கருதப்பட்டு வந்த ஒரு வண்ணத்துப்பூச்சி, உண்மையிற் பத்து இனங்களின் கூட்டம் என்று 2004 ஆம் ஆண்டில் அங்கிருந்து அறிவிக்கப்பட்டது. சிறகுகள் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன. மரபணுவோடு சேர்ந்து உண்மையைச் சொன்னவை புழுக்களின் கோலமும் அவை தின்ற இலையுமே. 2014 ஆம் ஆண்டில், அக்காட்டுப் புழுக்களிலிருந்து வெளிவந்த குளவிகளுட் பல புதிய இனங்களுக்கு, புழுக்களை வளர்த்த அந்தக் கிராமத்தவரின் பெயர்களே சூட்டப்பட்டன. மேரியன் எழுதாமல் விட்ட பெயர்களுக்கு முந்நூறு ஆண்டுகளின் பின் வேறொரு காட்டிலிருந்து கிடைத்த மறுமொழியாக இதனை நாம் கொள்ளலாம்.

ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வரலாற்றில் ஒரு பணி இருக்கிறது. நான்கு பருவங்களை வரைந்து பெயர் குறிக்குமாறு பரீட்சைத் தாள் கேட்கிறது. நம் மாணவர் புத்தகத்தைப் பார்த்து வரைகின்றனர். நந்தியாவட்டைச் செடியில் ஒரு பச்சைப் புழு வரும். தலைக்குப் பின்னால் இரு நீலக் கண்கள் போன்ற புள்ளிகளும், வாற்புறத்தில் ஒரு சிறு கொம்பும் உடையது. அதை இலையோடு ஒரு போத்தலில் இட்டு, வாயை மெல்லிய துணியாற் கட்டி, அடியிற் சிறிது மண்ணும் சருகும் இட்டு வைத்தாற் போதும். அது நிறம் மங்கிச் சருகுக்குள் இறங்குவதையும், பின்னர் பச்சைப் பளிங்கு போன்ற சிறகுகளோடு வெளிவருவதையும் வகுப்பு முழுவதும் காணலாம். குளவி வந்தாலும் நன்றே, அதுவும் பாடந்தான்.

அதற்கென ஒரு கொப்பியையும் வைத்திருப்போம். நாளும் இலையும் தோலுரித்த தடவையும் அதில் எழுதப்படட்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில், முதல் வரியில், அந்தப் புழுவைக் கண்டெடுத்து வந்த பிள்ளையின் பெயர் எழுதப்படட்டும். அது எந்தச் செடியில் இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தவர் தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் ஒரு தாயாக இருப்பின், அவருடைய பெயரும் அதன் பக்கத்திலேயே எழுதப்படட்டும்.